தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

இதை ஒருவருக்கும் காட்டாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் மடித்து வைத்துவிடு. சத்தம் போட்டு வாசிக்காதே. 'அம்மா சின்ன வயதில் எழுதியது' என்று கூட்டாளிகளிடம் கொண்டுபோய்க் காட்டிச் சிரிக்காதே. நான் யாருடைய வயிற்றில் பிறந்தேன் என்பதை இதில் எழுதப்போகிறேன். எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாயால் சொல்லக் கூடாததைக் கையால் எழுதலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. அம்மா விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். விளக்கு வெளிச்சம் கதவுக்குக் கீழால் போகாமல் என் பள்ளிச் சட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. நீ மகனாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எனக்கு முன் இந்த வீட்டில் பிறந்த இரண்டும் ஆண்பிள்ளைகள்; இரண்டும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. ஆகவே இந்த வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை கடன் இருக்கிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு. மகளாகப் பிறந்தால் கோபிக்காதே. சினேகிதி ஒருத்திக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் தன் தாயிடம் சொல்வாள், தாய் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுக்கும்போது சொல்வார். இன்னும் பிறக்காத ஒருவன் மட்டும்தான் ஒருவருக்கும் சொல்லமாட்டான். நீ இதை வாசிக்கும்போது மீசை முளைத்து, வேலைக்குப் போகிறவனாக, இன்றைய என்னைவிட மூத்தவனாக இருப்பாய். அப்படிப்பட்டவனுக்குப் புத்தி சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் தாய் என்றால் சொல்லத்தானே வேண்டும்.

விடியும் முன் தவிட்டம்மா வந்து கதவைத் தட்டுவார். நான் அவருடன் போகவேண்டும். சந்தியில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிற்கும். அதில் கிளாலி வரைக்கும் போய், இருட்டிய பிறகு வள்ளத்தில் நீரேரியைக் கடந்து, பிறகு வவுனியா, கொழும்பு, அதன் பிறகு தவிட்டம்மாவின் கணவர் இருக்கிற ஜேர்மனி. அம்மா வரவில்லை. வாசல் படலையைத் தாண்டும்போது நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. தவிட்டம்மாவை 'அம்மா' என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு போகவேண்டும். அம்மாதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். வள்ளத்தைவிட, குண்டு போடுகிற பொம்மரைவிட, எனக்கு அந்தப் படலையடிதான் பயம்.

தவிட்டம்மா என்பது அவருடைய பேர் இல்லை. பேர் பரிமளம். சண்டிலிப்பாயில் எங்கள் வேலிக்கு அடுத்த வீடு அவருடையது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரைத் தேடி வருகிறவன் வந்து பார்த்து, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். நான் பிறந்து துடக்குத் தீட்டுக் கழித்த அன்று அம்மா என்னைச் சுளகில் கிடத்திப் படலையடிக்குக் கொண்டுபோனார். தவிட்டம்மா கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அரிசி அளக்கிற சுண்டுப் பேணி நிறையத் தவிட்டோடு வந்து நின்றார். இந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். "நான் சும்மா வாங்கேல்லை, பேரம் பேசினனான். மூக்குச் சப்பையா இருக்கு, அரைச் சுண்டுக்குத் தாங்கோ அக்கா எண்டனான். அக்கா முறைச்ச முறைப்பிலை முழுச் சுண்டையும் கொட்டிப்போட்டன்." அம்மா தவிட்டை வாங்கி மாட்டுக்கு வைத்தாராம். பிறகு, "உன்ரை பிள்ளையை நான் வளர்த்துத் தாறன், விட்டிட்டுப் போ" என்று என்னைத் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு வந்தாராம்.

மற்ற வீடுகளில் இது ஒரு நாள் கூத்தோடு முடிந்துவிடும். என் அம்மா முடிக்கவில்லை. வீட்டுக்குள் நான் அம்மா என்று கூப்பிடலாம், அதுவும் மெதுவாக. வெளியில் கூப்பிடக் கூடாது. வெளியில், அயலில் யாரையும் கூப்பிடுகிற மாதிரி, 'எணை' என்றுதான் கூப்பிடுவேன். கோயிலில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் யாராவது "உது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டால், அம்மா யோசிக்காமல் "பரிமளத்தின்ரை" என்பார். என்னைப் பெற்ற ஐயா காய்ச்சலில் செத்தபோது எனக்கு ஐந்து வயது. அன்றுகூட அழுகைக்கு நடுவில், என்னைக் காட்டிக் கேட்ட ஒருவருக்கு "பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பொடியன்கள், "தவிட்டுப்பிள்ளை, மாடு உன்னைத் தேடுதாம்" என்று கத்துவார்கள். அது எனக்குப் பெரிதாக நோகவில்லை. திருவிழாச் சனத்துக்குள் மற்றத் தாய்மார் கையைப் பிடித்து இழுத்து, "என்ரை பிள்ளையை ஏனடா தள்ளுறாய்?" என்று சண்டைக்குப் போவார்களே, அதுதான் நொந்தது. அந்த 'என்ரை' என்ற சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இனித் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீ ஜேர்மனியில் பிறந்தால் இப்படியொரு தோட்டத்தைக் காணமாட்டாய். வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பாத்தி, மிளகாய், கிணற்றடியில் வாழை, வேலியோரம் ஒரு மாதுளை, ஒரு மாமரம். நடுவில் பனங்குற்றி அடுக்கி, யூரியாப் பைகளில் மண் நிரப்பி மூடிய, குண்டுக்குப் பதுங்குகிற எங்கள் பங்கர். பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நாளைவிடப் பூட்டியிருக்கிற நாள் கூட. கரண்ட் இல்லை, ரேடியோவுக்குப் பற்றரி இல்லை. நான் தோட்டத்தில் குப்புறப் படுத்து, நிலத்தில் ஊர்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன். அம்மாவுக்கு அது எரிச்சல். "கண்டறியாத பூச்சி! வெங்காயத்துக்குத் தண்ணி மாறத் தெரியாது, பூச்சிக்குத் தாலாட்டுப் பாட வந்திட்டா" என்பார். ஆனால் நான் படுத்திருக்கிற இடத்தைச் சுற்றித்தான் மண்வெட்டி போடுவார், என்னை எழுப்பமாட்டார்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரமான ஒரு செங்கல் கிடந்தது. அதைப் புரட்டினால் பூரானும் அட்டையும் ஓடி ஒளியும். ஒருநாள் புரட்டியபோது ஒன்று மட்டும் ஓடவில்லை. வாலில் இடுக்கி மாதிரி இரண்டு கொம்பு உள்ள கபில நிறப் பூச்சி அது. அதற்குக் கீழே சவ்வரிசியைவிடச் சின்னதாக முட்டைகள். செங்கல்லைத் தூக்கிய அசைவில் அவை சிதறிவிட்டன. வெயில் முதுகில் விழ, அந்தப் பூச்சி ஒவ்வொரு முட்டையாக வாயில் கவ்விக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்தது. சேர்த்த பிறகு ஒவ்வொன்றையும் நக்கியது. நான் மூச்சு விட்டால்கூடக் கொம்பைத் தூக்கிக் காட்டியது. என் சின்னிவிரல் நகத்தளவு உடம்பு அதற்கு. செங்கல்லை வைத்த மாதிரியே மெல்லத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். ராசா, நீ எங்கே இருந்தாலும், எதைப் புரட்டினாலும், திரும்ப வைக்கப் பழகு.

தேளைக் கண்டால் அம்மா விடமாட்டார். செருப்பு, விறகுக்கட்டை, கையில் கிடைத்த எதாலும் அடிப்பார். ஒரு பகல், பொம்மர் சுற்றுகிற சத்தம் கேட்டு நாங்கள் மூவரும் பங்கருக்குள் இறங்கியபோது, மண் மூட்டை ஒன்றின் மேல் பெரிய கருந்தேள் ஒன்று நின்றது. தவிட்டம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அடியுங்கோ அக்கா, அடியுங்கோ!" என்று குதித்தார். அம்மா செருப்பைக் கழற்றி ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தேளின் முதுகு முழுவதும் வெள்ளையாக, பால்பல் போலக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "பிள்ளைகாரி" என்றார் அம்மா. "பிள்ளைகாரி எண்டால் கடியாதோ?" என்று தவிட்டம்மா அழாத குறை. "பறையாமல் இரு" என்று சொல்லிவிட்டு, ஓலைத் துண்டொன்றை மெல்லக் கீழால் கொடுத்துத் தேளை ஏந்தி, தலைக்கு மேலே பொம்மர் சுற்றிக்கொண்டிருக்க, படியேறி வெளியே போய் வாழையடியில் விட்டுவிட்டு வந்தார். தவிட்டம்மா என் காதுக்குள், "உன்ரை தோட்டக்காரிக்கு விசர்" என்றார். அம்மாவைப் பற்றி என்னிடம் சொல்லும்போது அவர் அப்படித்தான் சொல்வார். வழக்கத்தை அவரும் மீறமாட்டார்.

மாதுளைக்குக் கீழே, சருகுக்குள், சாம்பல் நிறச் சிலந்திகள் இரண்டு இருந்தன. வலை பின்னுகிற இனம் இல்லை. நிலத்தில் ஓடி இரை பிடிப்பவை. இரண்டுக்கும் பின்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளைப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்தான் முட்டை. ஓடும்போதும் தூக்கிக்கொண்டு ஓடும், சண்டை போடும்போதும் விடாது. எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. ஈர்க்கால் மெல்லத் தட்டி, ஒன்றின் பையைக் கழற்றினேன். அது பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. முன்னுக்கு ஓடும், பின்னுக்கு ஓடும், ஒவ்வொரு சருகையும் தடவும். பிறகு மற்றதினுடைய பையையும் கழற்றி, ஒன்றின் பையை மற்றதின் முன் மாற்றி வைத்தேன். இரண்டும் ஒரு நொடி தொட்டுப் பார்த்தன. தூக்கி ஒட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டன. சந்தேகமே வரவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தவிட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியோடி, என்னை மாதிரித்தான். ஆனால் நான் ஒரு சுண்டுத் தவிடெண்டாலும் குடுத்தனான். உதுகள் ஓசியிலை தூக்கிக்கொண்டு ஓடுதுகள்." நான் சிரிக்கவில்லை. தன்னுடைய பிள்ளை எது என்று தெரியாத தாயும் ஒரு தாயா என்று அன்றைக்கு எனக்குக் கோபம்.

அந்தப் பைகள் வெடித்துக் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறத் தொடங்கிய காலை அது. நான் மாதுளைக்குக் கீழே படுத்திருந்தேன். தூரத்தில் நாய்கள் குரைத்தன, பிறகு பொம்மர் சத்தம். சுன்னாகம் பக்கம் போகிறது என்று நினைத்து நான் எழும்பவில்லை. கடுகு மாதிரிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் காலைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு முன் ஒழுங்கையில் யாரோ, "பதியுது! பதியுது!" என்று கத்தினார்கள். பொம்மர் மூக்கைக் கீழே சரித்து இறங்கினால் இங்கே அப்படித்தான் கத்துவார்கள். அம்மா வெங்காயப் பாத்தியில் நின்றார். பங்கர் அவருக்கு இரண்டு பாய்ச்சல் தூரம். அவர் அங்கே போகவில்லை. பாத்திகளை மிதித்து, பயிரை உழக்கிக்கொண்டு, மாதுளையை நோக்கி ஓடி வந்து என்மேல் விழுந்தார். "என்ரை பிள்ளை! ஐயோ, என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை!"

குண்டு ஒழுங்கைக்கு அப்பால் வெறும் புகையிலைக் காணியில் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாமரத்தின் பெரிய கொப்பு ஒன்று முறிந்து, முசுறு எறும்புகளின் இலைக்கூடு பிளந்து கிடந்தது. அம்மாவின் தோளுக்கு மேலால் பார்த்தேன். சிவப்பு எறும்புகள் வெள்ளைக் குஞ்சுகளை வாயில் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் ஓடின. என் காதுக்குள் 'கொய்' என்று இரைச்சல். வாய்க்குள் மண். அம்மாவின் உடம்பில் வெங்காயத்தாள் மணம். வெட்கமில்லாமல் சொல்கிறேன் மகனே, நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சொல்லை அம்மா ஒன்றுக்குப் பல தடவை சொன்னார். ஊருக்கே கேட்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கலாம் போல இருந்தது.

அம்மா எழும்பி உட்கார்ந்தார். என்னைத் தடவிப் பார்த்தார். பிறகு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த முகத்தை நான் முன்பு கண்டதில்லை. பொம்மர் போய்விட்டிருந்தது. வெறும் வானத்தைப் பார்த்து அம்மா கத்தத் தொடங்கினார்: "பரிமளத்தின்ரை பிள்ளை! கேட்டுதோ? பரிமளத்தின்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லை!" வேலிப் பொட்டால் புகுந்து ஓடிவந்த தவிட்டம்மா மூச்சிரைக்க நின்று, "ஆரோடை அக்கா கதைக்கிறியள்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அம்மா அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

கணவரிடம் போகத் தவிட்டம்மா அப்போதே ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்; அன்று பின்னேரமே அம்மா வேலிப் பொட்டால் அவர் வீட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். அவர் சமைக்கிற குசினி வாசலில் நிற்கும்போது அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "நீ போகேக்கை உன்ரை பிள்ளையை நீ கொண்டு போ." அதற்கு மேல் நான் கேட்க நிற்கவில்லை. காலையில் 'என்ரை' என்று சொன்ன வாய், பின்னேரம் 'உன்ரை' என்கிறது. அந்தச் சுளகும் தவிடும் விளையாட்டில்லை, நான் உண்மையிலேயே கொடுக்கப்பட்ட பிள்ளைதானோ என்றுகூட யோசித்தேன். அதன் பிறகு அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன். சோறு போட்டால் தின்பேன், தண்ணீர் அள்ளச் சொன்னால் அள்ளுவேன், வாய் திறக்கமாட்டேன். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த நாட்களில் குசினிச் சுவரில் ஒரு குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடிச் சேற்றை உருண்டையாகக் கொண்டுவந்து, சின்னச் சட்டி போல வனைந்து, பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைத்து, வாயைச் சேற்றால் மூடியது. மூடிய பிறகு பறந்து போனது. அது திரும்பி வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. உள்ளே முட்டை பொரித்து, குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, தானே சுவரை உடைத்து வெளியே வரும். தாயை அது காணவே காணாது. நான் அந்தக் குளவியை மனதுக்குள் திட்டினேன். இடுக்கிப் பூச்சியைப் பார், தேளைப் பார், நீ மட்டும் வேலை முடிந்தது என்று போய்விட்டாயே என்று. யாரைத் திட்டுகிறேன் என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒரு மத்தியானம் நான் பங்கருக்குள் தனியாக இருந்தேன், அழுவதற்கு அதைவிட நல்ல இடம் எங்கள் வளவில் இல்லை. கிணற்றடியில் அம்மாவும் தவிட்டம்மாவும் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தவிட்டம்மாவின் குரலில் வழமையான பகிடி இல்லை. "அக்கா, அண்டைக்கு விளையாட்டுக்கு வாங்கினது. உண்மையாக் கொண்டு போ எண்டால் நான் என்ன செய்யிறது? எனக்குப் பயமாக் கிடக்கு."

"விளையாட்டுக்கோ? நீ தந்த தவிட்டை என்ரை மாடு திண்டது விளையாட்டுக்கோ?"

"அப்ப நீங்களும் வாங்கோ."

"உன்ரை மனிசன் பெண்சாதிக்கும், பிள்ளை எண்டு உவளுக்கும்தானே ஒழுங்கு செய்திருக்கிறார், தோட்டக்காரிக்கும் சேர்த்தோ? அதோடை, நான் வந்தால் வழி முழுக்க வாய் விட்டிடுவன்." துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் நின்றது. "முதல் ரெண்டையும் நான் என்ரை, என்ரை எண்டு கூப்பிட்டுத்தான் சாகக் குடுத்தனான், பரிமளம். உவளை ஒருநாளும் கூப்பிடேல்லை. இவ்வளவு காலமும் வாயைக் கட்டி வைச்சிருந்தன். அண்டைக்குப் பொம்மர் பதிய எல்லாம் கொட்டுண்டு போச்சு. தேடி வாறவனுக்குக் கேட்டிருக்கும்."

"குண்டு போடுறவன் ஆற்றை பிள்ளை எண்டு கேட்டே அக்கா போடுறான்?"

"எனக்கென்ன விசரோ, உது தெரியாதோ?" என்றார் அம்மா. "தெரிஞ்சாலும் பயமா இருக்கு. நீ கொண்டு போ. உன்ரை பிள்ளை எண்டு இருந்தால் அது இருக்கும்."

நான் மண் மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா என்னை அனுப்புவது நான் வேண்டாம் என்பதால் இல்லை. வேண்டும் என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டதால். அம்மா நினைப்பது சரியா பிழையா என்று யோசித்துப் பார்த்தேன். பிழைதான். விஞ்ஞானம் படிக்கிற எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பிழையான நினைப்பை வைத்துக்கொண்டு என்னைப் பதினாறு வயது வரை உயிரோடு வளர்த்தவர் அவர். ஆசையாக ஒரு சொல் சொல்லாமல் வாயைக் கட்டி வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தவிட்டம்மாவைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். பயமாக இருக்கிறது என்று சொல்கிறவர், ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சிலந்திகள் தம்முடையது இல்லாத பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் கோபப்பட்டது சின்னத்தனம். தூக்காமல் விட்டிருந்தால் அந்தக் குஞ்சுகள் என்னவாகியிருக்கும்? அன்று இரவு நான் அம்மாவிடம், "உப்புக் காணாது" என்று சொன்னேன். அம்மா உப்புச் சிரட்டையை என் பக்கம் தள்ளினார். கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பழக்கம். வழியில் ஆமிக்காரன் மறித்துக் கேட்பான், நான் தடுமாறக் கூடாது. தவிட்டம்மா அகப்பையைத் துவக்கு மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "ஏய்! உன்ரை அம்மா ஆர்?" என்று அதட்டுவார். நான், "தவிட்டம்மா" என்பேன். அம்மா என் முதுகில் ஒன்று போடுவார். "தவிட்டைக் கழட்டி வைச்சிட்டுச் சொல்லடி!" திரும்பக் கேட்பார்கள். நான் அம்மாவைப் பார்ப்பேன். "என்னை ஏன் பாக்கிறாய்? என்னை உனக்குத் தெரியாது. முழிச்சால் பொய் எண்டு பிடிச்சிடுவான். அவளைப் பார்த்துச் சொல்லு." நான் தவிட்டம்மாவைப் பார்த்து, "அம்மா" என்றேன். ஆமிக்காரனாக நின்ற தவிட்டம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். பிள்ளை இல்லாத அவரை அப்படி ஒருவரும் இதுவரை கூப்பிட்டதில்லை. அம்மா, "கண்டறியாத ஆமி! அழுகிற ஆமியை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். மூவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அம்மா எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை.

நேற்று அம்மா எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டே கடைசிக் கட்டளைகளைச் சொன்னார். "படலையடியிலை திரும்பிப் பாக்காதை. நான் வாசலுக்கு வரமாட்டன். ஆராவது எழும்பிப் பார்த்தாலும், பரிமளம் தன்ரை பிள்ளையோடை போறாள் எண்டுதான் இருக்கவேணும். நீ அம்மா எண்டு கூப்பிட்டு, கதைச்சுக்கொண்டு போ. நல்லாக் கேக்கக் கூப்பிடு." "உங்களுக்குக் கேட்டால் நோகாதோ?" என்று கேட்டேன். அம்மாவின் கை பின்னலில் நின்றது. "அது கேட்டால்தான் நான் நித்திரை கொள்ளுவன்" என்றார். பின்னலை மிக இறுக்கமாகக் கட்டினார். இப்போதும் தலை விண் விண் என்று இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். விடிந்தால் 'அம்மா' என்ற சொல் வேறொருவருக்குப் போய்விடும். எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. அதற்கு முன்னால் எங்காவது ஓரிடத்தில் உள்ளபடி சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. விறாந்தையில் படுத்திருக்கிறவர்தான் என் அம்மா. அவரைத்தான் இந்தக் கடிதம் முழுவதும் அம்மா என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு இது தெரிந்தால் பயந்துபோவார், கொண்டுபோய் அடுப்பில் போடுவார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தாள்களை என் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைக்க ஊசி நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மகனே, உனக்கு நான் சொல்ல நினைத்த புத்தி அதிகம் இல்லை. உன்மேல் ஆசையாக இருக்கிற ஒருவர் அதை வாயால் சொல்லாவிட்டால், அவசரப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. கொஞ்சம் பொறுத்து, அவர் கை என்ன செய்கிறது என்று பார். உன்னை வளர்க்கிறவர் பெற்றவராக இல்லாவிட்டால் கணக்குப் பார்க்காதே. தவிட்டம்மா உயிரோடு இருந்தால் அவரை நீ நன்றாகப் பார்க்கவேண்டும். அவருக்குப் பகிடி பிடிக்கும், அவரோடு பகிடி விடு. நான் உன்னை 'என்ரை பிள்ளை' என்று கூப்பிடுவேன். சந்தையில், கோயிலில், பள்ளிக்கூட வாசலில், நீ வளர்ந்த பிறகு உன் கூட்டாளிகளுக்கு முன்னாலும் கூப்பிடுவேன். உனக்கு வெட்கமாக இருக்கும். பொறுத்துக்கொள். எனக்கு அப்போதும் பயமாக இருக்கும், ஆனாலும் கூப்பிடுவேன்.

தவிட்டம்மாவை 'அம்மா' என்று நாளைக்குக் கூப்பிட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பழகியாயிற்று. ஆனால் அம்மா என்று வாய் சொல்லும்போது கண் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. பழகிய நாட்களில் எல்லாம் அது முதலில் அம்மா பக்கம்தான் போனது. திரும்பிப் பார்த்துவிட்டேன் என்றால் அம்மா இனி ஒருநாளும் நித்திரை கொள்ளமாட்டார். எனக்கு ஏதாவது நடந்தால், தன் வாயாலும் என் கண்ணாலும்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டே இந்தத் தோட்டத்தில் தனியாக இருப்பார். அம்மா விறாந்தையில் புரண்டு படுக்கிறார். அவரும் நித்திரை இல்லை. இரண்டு பேரும் நித்திரை போல இருந்துகொண்டு

கதவு தட்டுகிறது. அதற்குள்ளேயா? இன்னும் சேவல்கூடக் கூவவில்லை. தவிட்டம்மா வெளியே நின்று, ஊருக்குக் கேட்க, "மகள், வெளிக்கிட்டிட்டியோ?" என்று கூப்பிடுகிறார். அம்மா எழும்பிவிட்டார். இருட்டில் கதவோரம் நிற்கிறார். திறக்கவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. நான்தான் 'அம்மா' என்று பதில் சொல்ல வேண்டும். தவிட்டம்மா திரும்பவும் தட்டுகிறார். மகனே, நான்